எங்கே விழும் என்று தெரிந்த வேகம்

1998 ஆகஸ்டில் இன்டெல் கடைக்கு அனுப்பிய பிராசஸர்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் டூவின் மொத்த விற்பனை விலை 669 டாலர். 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செலரான் 300ஏவுக்கு 149 டாலர்தான். வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்து பழகியவர்கள் வெகு சீக்கிரத்தில் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். அந்த மலிவு விலைச் செலரான்களில் பெரும்பாலானவை 450-க்கு ஏறின. ஏறியதோடு, நாள் முழுக்க ஓடியும் தடுமாறாமல் நின்றன. கால் பங்குக்கும் குறைந்த விலையில் உச்ச வேகம் கிடைத்த கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது, 450-ல் அது ஏன் அவ்வளவு உறுதியாக நின்றது என்பதற்கான காரணம்.

பிராசஸரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டின் பஸ் வேகத்தை மல்டிபிளையரால் பெருக்கினால் வருவது அது. செலரான் 300ஏவில் மல்டிபிளையரை 4.5 என்று பூட்டியிருந்தார்கள். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் அது 300 ஆகும். பூட்டைத் திறக்க வழியில்லாததால் பஸ்ஸை ஏற்றினார்கள். ஏபிட் பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில் பயாஸுக்குள்ளேயே அதை மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றில் பிராசஸர் அட்டையின் பி21 என்ற ஒரே ஒரு முனையை டேப் ஒட்டி மறைத்தால், 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கு உரிய பிராசஸர் வந்திருப்பதாகப் போர்டு எடுத்துக்கொள்ளும்.

இடையில் ஒரு பொறி இருந்தது. பஸ்ஸை 83-க்கு ஏற்றினால் 375 கிடைக்கும். பார்வைக்குப் பத்திரமான நடுவழி. ஆனால் சவுண்ட் கார்டும் ஹார்டு டிஸ்க்கின் கட்டுப்பாட்டுச் சில்லும் அமர்ந்திருக்கும் பிசிஐ பாதை, பஸ் வேகத்தை வகுத்துத்தான் தன் வேகத்தைப் பெறுகிறது. 83-ல் பாதி 41.5, அதற்கு விதித்திருப்பதோ 33. பிராசஸர் நலமாக இருக்கும்போதே டிஸ்க்கில் எழுதியது பாழாகும். பஸ் 100-க்குப் போனால் போர்டு அதை மூன்றால் வகுக்கும். பிசிஐ மறுபடி 33-க்கே வந்துவிடும். 450 நிம்மதியாக ஓட, அதைவிட மெதுவான 375 தகராறு செய்தது இதனால்தான்.

வேகத்தை ஏற்றுவது பயாஸில் ஓர் எண்ணை மாற்றுகிற வேலை. ஏற்றிய வேகம் எங்கே விழும், எதனால் விழும் என்று அறிவதில்தான் கலை தொடங்குகிறது. தயாரிப்பாளருக்குத் தன் பிராசஸர் எந்த வீட்டுக்குப் போகும் என்று தெரியாது. காற்றோட்டமில்லாத கேபினட்டுக்குள் போகலாம். தரம் குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு சேரலாம். பல வருடம் தூசு தட்டாத கூலரின் கீழே கிடக்கலாம். எங்கே போனாலும் ஓட வேண்டும் என்பதற்காக, ஓடக்கூடிய வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே எண்ணை அச்சிட்டுக் கொடுக்கிறார். அந்த இடைவெளி அவருடைய தெரியாமைக்காக ஒதுக்கியது. இப்படி வேகத்தை ஏற்றி ஓவர்கிளாக் செய்பவர் தன் கணினியைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, அந்த இடைவெளியில் ஒரு பகுதியைத் தனதாக்கிக்கொள்கிறார். எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு எடுக்கலாம். அதற்கு மேல் எடுப்பது சூதாட்டம்.

தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: வேகம், வோல்டேஜ், சூடு. வேகத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் அடுத்த துடிப்புக்குள் மாறி முடிக்கத் திணறும். வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினால் விரைந்து மாறும். ஆனால் பிராசஸர் குடிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. இரண்டையும் பத்துப் பத்துச் சதவீதம் கூட்டினால் மின்செலவு 33 சதவீதம் கூடும். அத்தனையும் சூடாகும், சூடு ஏற ஏற, ஒன்றும் செய்யாமலே கசியும் மின்சாரமும் ஏறும். சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பவர் ஒரு கம்பியை முறுக்கினால் எதிர்ப்பக்கக் கம்பியையும் பார்த்தாக வேண்டும். இங்கேயும் அதே கைப்பக்குவம்தான். அதனால்தான் தேர்ந்தவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறார்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு கணினி விழுந்தால், அந்த விழுதல் எதையும் சொல்லித்தராது.

மாற்றியபின் சோதிக்க வேண்டும். இந்தக் கலையின் உரைகல், கணித ஆர்வலர்கள் வேறொன்றுக்காகச் செய்த மென்பொருள். 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சியைத் தொடங்கினார். ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை இரவும் பகலும் அந்தத் தேடலுக்குக் கொடுத்தார்கள். ஓர் எண்ணைச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரே ஒரு பிட் பிசகினால் அத்தனை வாரமும் வீண். எனவே தன் கணக்கைத் தானே சந்தேகிக்கும் குணத்தை, அந்தத் தேடலுக்காகத் தான் எழுதிய பிரைம்95 மென்பொருளுக்கு அவர் கொடுத்தார். பெரிய எண்களை அது மிதவைப் புள்ளிக் கணக்கில் பெருக்கும். வரும் விடைகள் ஒவ்வொன்றும் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் விழ வேண்டும். 0.4-க்கு மேல் விலகி விழுந்தால் கணக்கு கெட்டுவிட்டது என்று நின்றுவிடும். சித்திரவதைச் சோதனை என்ற பகுதியில், விடை முன்பே தெரிந்த கணக்குகளை ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கும்.

இதன் அழகு எனக்குச் சலிப்பதேயில்லை. கணினி ஹேங் ஆகாது, திரை நீலமாகாது, மவுஸ் அசைந்துகொண்டே இருக்கும். ஆனால் எட்டுக் கோர்களில் ஒன்று தவறான விடை சொல்லி நின்றிருக்கும். தப்பான விடையைச் சத்தமில்லாமல் கொடுக்கும் கணினிதான் மிக ஆபத்தானது. அதை அந்த இடத்திலேயே பிடித்துக் காட்டும் கருவி இது.

விழுகிற விதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. பிரைம்95-ன் சிறிய கணக்குகள் பிராசஸரின் கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும். அங்கே தவறினால் கோர் வோல்டேஜையோ சூட்டையோ சந்தேகிக்கலாம். அது தேறி, ராமையும் சேர்த்து இழுக்கும் கலவைச் சோதனையில் தவறினால் சந்தேகம் ராமின் பக்கமும் மெமரி கன்ட்ரோலரின் பக்கமும் திரும்பும். திரையே வராமல் விசிறிகள் மட்டும் சும்மா சுழன்றால் ராமின் டைமிங் மிக இறுக்கமாக இருக்கக்கூடும். சிமாஸ் கிளியர் செய்து முதலிலிருந்து வர வேண்டும். ப்ளூ ஸ்கிரீனும் எண் சொல்லிவிட்டுத்தான் போகிறது: 124 என்று முடிந்தால் வன்பொருளே தன் பிழையை ஒப்புக்கொண்டது, 101 என்றால் ஒரு கோர் குறித்த நேரத்தில் பதில் தரவில்லை. ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. நாலைந்து முறை விழுந்ததை அடுக்கிப் பார்த்தால் காரணம் தலைகாட்டும்.

ராமின் பிழைகள் இன்னும் நுட்பமானவை. 1994-ல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 இரவெல்லாம் ஓடி ஒரு பிழையும் இல்லை என்று சொல்லும். காலையில் கேம் ஆடத் தொடங்கி அரைமணியில் கணினி விழும். ராமில் கோளாறு இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு தூங்கிக்கொண்டிருந்தது. கேம் ஓடும்போது அதன் சூடு மேலெழுந்து ராமின் மேல் படிகிறது. குளிர்ந்த ராம் தாங்கிய டைமிங்கைச் சூடான ராம் தாங்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்தால், தகராறு நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

புதிய பிராசஸர்களில் புதிர் தலைகீழாக வந்திருக்கிறது. 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசையில், ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்டேஜைக் குறைக்க ஏஎம்டி வழி திறந்தது. கர்வ் ஆப்டிமைசர் என்ற அந்த ஏற்பாட்டில் ஒரு படி என்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும். அதனால் கிடைக்கும் இடத்தில் பிராசஸர் தானாகவே வேகம் ஏற்றிக்கொள்ளும். கொஞ்சம் அதிகமாகக் குறைத்துவிட்டாலும் முழுப் பளுவில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓடும். ஆனால் எந்த வேலையும் இல்லாமல் திரையை வெறுமனே திறந்து வைத்திருக்கும்போது சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். காரணம், எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் மிதமாக இருக்கும். ஒரே ஒரு கோர் மட்டும் ஒரு நொடி விழிக்கும்போதுதான் அது தன் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. குறைத்த வோல்டேஜ் அங்கேதான் போதாமல் போகிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், எந்தக் கோர் தடுமாறியது என்பதற்கான எண் அங்கே பதிவாகியிருக்கும். அந்த ஒரு கோருக்கு மட்டும் நாலைந்து படி திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரே சில்லில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த கோர்கள் ஆளுக்கொரு குணத்தோடு இருப்பதை இப்படி ஒவ்வொன்றாக அறிந்துகொள்வதைப் போல மனத்துக்கு நிறைவு தரும் வேலை இதில் வேறில்லை.

அறியாமல் ஏற்றுவதன் விலையையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-ல் ஒரு விசித்திரத்தை எழுதினார். விண்டோஸ் விழுந்த அறிக்கைகளில் சில, நடக்கவே முடியாத இடத்தில் விழுந்ததாகக் காட்டின. ஒரு பதிவகத்தை அதனோடேயே எக்ஸார் செய்து பூஜ்யமாக்கும் கட்டளை அது. நினைவகத்தைத் தொடாது, தவற வழியே இல்லாதது. அதிலேயே பிராசஸர் விழுந்திருந்தது. விசாரித்தபோது அவற்றில் பல ஓவர்கிளாக் செய்யப்பட்ட கணினிகள். சிலருக்குத் தங்கள் கணினி அப்படி விற்கப்பட்டதே தெரியாது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 10 லட்சம் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கொஞ்சம் ஓவர்கிளாக் செய்த கணினிகளும் கூடுதலாக விழுகின்றன என்று கண்டார்கள். இந்தக் கலையை நேசிப்பவர்கள் அந்த முடிவை மறைக்கக் கூடாது. சோதனை எவ்வளவு அவசியம் என்பதை அது நினைவூட்டுகிறது.

நம் ஊரில் இன்னொரு சோதகர் உண்டு: கத்திரி வெயில். எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்கு மேல் எவ்வளவு என்றுதான் குளிர்விக்கும். அறை பத்து டிகிரி ஏறினால் பிராசஸரும் அவ்வளவாவது ஏறும். மார்கழி இரவில் தேறிய செட்டிங் மே மாத மதியத்தில் தேறினால்தான் அது இந்த வீட்டுக்கு உரிய செட்டிங். அதனால் தேர்ந்த கை, எல்லையைக் கண்டபின் ஒரு படி இறங்கி நிறுத்துகிறது. தயாரிப்பாளர் விட்ட இடைவெளியை எடுத்துக்கொண்டவர், தன் வீட்டுக்கு அளவெடுத்த சின்ன இடைவெளி ஒன்றைத் தானே விடுகிறார்.

வேகமே வேண்டாம் என்பவருக்கும் இந்தப் பயிற்சி உதவும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், கைவைக்காத கணினிகளும் விழத் தொடங்கின. பல கேம்களில் வந்த செய்தி, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்பது. கார்டில் குறையே இல்லை. கேமின் கோப்புகளைப் பிரித்தெடுக்கும் கணக்கில் பிராசஸர் தவறிக்கொண்டிருந்தது. மல்டிபிளையரை ஓரிரு படி இறக்கியதும் பலருக்கு அது நின்றது. கார்டை மாற்றாமல் பிராசஸரைச் சந்தேகிக்கத் தெரிந்தது இந்தப் பழக்கம் உள்ள கண்களுக்குத்தான். சில்லு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதே காரணம் என்று 2024-ல் இன்டெல் அறிவித்து, மைக்ரோகோடைத் திருத்தி, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது.

ஓவர்கிளாக் செய்த கணினியை யாராவது காட்டினால் எனக்கு மூன்று கேள்விகள் கேட்கத் தோன்றும். இதற்கு மேல் எந்த செட்டிங்கில் விழுந்தது, எப்படி விழுந்தது? மே மாத மதியத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா? அந்த எல்லையிலிருந்து எவ்வளவு இறங்கி நிறுத்தினீர்கள்? மூன்றுக்கும் விடை வைத்திருப்பவர் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே கூட்டியிருந்தாலும் அது தேர்ந்த கைவேலை. வீட்டுக் கணக்கையும் பிள்ளைகளின் புகைப்படங்களையும் அந்தக் கணினியில் நம்பி வைக்கலாம்.