ஆயா மேல் எனக்கு வந்த சந்தேகம்

கேட் சம்மர்ஸ்கேல் எழுதிய ‘த சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்’ (2008) புத்தகத்தை இரண்டாம் முறை படித்து முடித்தேன். முதல் தடவை ரெண்டே ராத்திரியில முடிச்சது. இந்தத் தடவை மெதுவாகப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1860 ஜூன் கடைசியில், இங்கிலாந்தின் ரோட் கிராமத்தில் ஒரு பெரிய வீடு. மூன்று வயதுப் பையன் சேவில் கென்ட் ராத்திரி படுக்கையிலிருந்து காணாமல் போகிறான். தோட்டத்துக் கழிப்பறையில் கழுத்தறுபட்ட உடல் கிடைக்கிறது. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த ஜாக் விச்சர், மூத்த தாரத்து மகளான 16 வயது கான்ஸ்டன்ஸைச் சந்தேகிக்கிறார். காணாமல் போன ஒரு இரவு உடைதான் அவருடைய முக்கியத் தடயம். நிரூபிக்க முடியவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்ணின் துணிமணியைக் கிளற ஒரு போலீஸ்காரனுக்கு என்ன யோக்கியதை என்று பத்திரிகைகள் பாய்ந்தன. ஐந்து வருடம் கழித்து, 1865-ல், கான்ஸ்டன்ஸே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

முடிவைச் சொல்லிட்டேனேன்னு திட்டாதீங்க. அது 1865 செய்தித்தாள்லயே வந்தாச்சு. ஆனாலும் சொல்லிவிட்டோமே என்று எனக்கே கொஞ்சம் குறுகுறுக்கிறது, பாருங்கள். நடந்து முடிந்த ஒரு விஷயத்தை ‘ரகசியம்’ ஆக்கியது எது? புத்தகத்தின் வடிவம்தான். வீட்டின் தரைப்படம், கதைமாந்தர் பட்டியல், குடும்ப மரம் எல்லாம் முன்னாடியே இருக்கிறது. நூலாசிரியருக்கு முடிவு தெரியும். தெரியாதவர் மாதிரி விச்சர் பின்னாடியே நடக்கிறார், நம்மையும் கூட்டிக்கொண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த வழக்கிலிருந்துதான் வில்கி காலின்ஸ் தன் ‘த மூன்ஸ்டோன்’ (1868) நாவலுக்குக் காணாமல் போன இரவு உடையையும், ஓரளவு துப்பறிவாளரையுமே எடுத்துக்கொண்டார். பங்களாவுக்குள் ஒரு குற்றம், உள்ளே இருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம் என்ற அச்சு அங்கிருந்து வளர்ந்தது. அதனால் சம்மர்ஸ்கேல் கடன் வாங்கினார் என்று சொல்வதைவிட, பழைய கடனை வசூலித்தார் என்றே சொல்லலாம். இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

உறுத்தியது எலிசபெத் காஃப் விஷயம். அவர்தான் சேவிலின் ஆயா. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொட்டிலில் குழந்தை இல்லை என்று பார்த்தவர், அம்மா தூக்கிப் போயிருப்பார் என நினைத்து ஏழு மணிக்கு மேல்தான் போய்க் கேட்கிறார். மர்ம நாவலில் இப்படி ஒருத்தி வந்தால் நமக்குக் கொண்டாட்டம். திசை திருப்ப ஆசிரியர் வைத்த ஆள் அவள், காகிதத்தில் பிறந்தவள், யாருக்கும் நஷ்டம் இல்லை. காஃப் அப்படியில்லை. நிஜமாகவே கைதாகி, விடுவிக்கப்பட்டு, முதலாளியோடு கள்ள உறவு என்று ஊர் வாயில் விழுந்த வேலைக்காரப் பெண். என் பிரதியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. முதல் வாசிப்பில் நான் போட்டது. ஊர் செய்ததையே, 150 வருடம் தள்ளி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நானும் செய்திருக்கிறேன்.

சம்மர்ஸ்கேல் பொய் எதுவும் எழுதவில்லை. பொய் வேறு. ட்ரூமன் கபோட்டி ‘இன் கோல்ட் பிளட்’ முடிவில் ஒரு கல்லறைக் காட்சியைக் கற்பனையாகச் சேர்த்தாரே, அது பொய். இங்கே எல்லாத் தகவலும் ஆவணத்திலிருந்து வந்தவை, வரிசை மட்டும் நாவலுடையது. பின்னுரையில் அவரே செத்த குழந்தையின் பக்கம் திரும்புகிறார்; புதிர் போட்டியில் அவன் மறந்துபோனது அவருக்கும் தெரிந்திருக்கிறது. காஃபுக்கு அப்படி ஒரு திரும்பல் கிடைக்கவில்லை என்பதுதான் என் குறை.

இதே உத்தியை டேவிட் கிரானின் ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்’ (2017) வேறு மாதிரி கையாள்கிறது. ஓக்லஹோமாவில் எண்ணெய்ப் பணம் வந்த ஓசேஜ் பழங்குடி மக்கள் 1920-களில் ஒவ்வொருவராகச் செத்துப் போகிறார்கள். மாலி பர்க்ஹார்ட்டின் அக்கா அன்னா 1921-ல் சுட்டுக் கொல்லப்படுகிறார். வில்லியம் ஹேல் என்ற பெரிய மனிதரை, மாலியின் கணவருடைய மாமாவை, கிரான் முதல் பகுதியில் உபகாரியாகவே காட்டுகிறார். ஏமாற்று வேலைதான். ஆனா மாலியும் அவரை அப்படித்தான் நம்பினாள். அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. நிரபராதி யாரும் இதில் பலியாகவில்லை, மறைக்கப்பட்டவன் குற்றவாளி.

இரண்டாம் பகுதியில் துப்பறிவாளர் டாம் வைட் வருகிறார், ஹேலுக்கு 1929-ல் ஆயுள் தண்டனை. மர்ம நாவல் இங்கே முடிந்துவிடும். கிரான் முடிக்காமல், மூன்றாம் பகுதியில் தானே ஆவணக் காப்பகங்களில் போய் உட்கார்கிறார். ஹேலுக்குச் சம்பந்தமே இல்லாத சாவுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்பட்ட சுமார் 24-ஐவிட எண்ணிக்கை எவ்வளவோ அதிகமாக இருக்கும் என்கிறார். பல வழக்குகளில் கொன்றது யாரென்றே தெரியாது. முதல் வாசிப்பில் இந்தப் பகுதி எனக்குத் தொய்வாகப் பட்டது, ‘எடிட் பண்ணியிருக்கலாம்’ என்று ஒரு நண்பரிடம் சொன்னதாகக்கூட ஞாபகம்.

மறுபடி படிக்க எடுத்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை மூன்றாம் பகுதியிலிருந்து.