சாவி யார் கையில்?

‘நிறவெறியை எதிர்க்கும் படம்’ என்று யாராவது சொன்னாலே எனக்குக் கொஞ்சம் உதறல்தான். கடைசி ரீலில் வெள்ளைக்காரனும் கறுப்பனும் கட்டிப் பிடிச்சுக்குவாங்க, நாமும் ஈரக் கண்ணோடு வெளியே வருவோம், டீக்கடை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிட்டிருக்கும். 1958இல் ஸ்டான்லி கிராமர் இயக்கிய ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ இந்த வகைக்கு நல்ல உதாரணம். ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்ட இரண்டு கைதிகள் தப்பி ஓடுகிறார்கள். சங்கிலி அறுந்த பிறகு, ஓடும் ரயிலில் ஏறிவிட்ட கறுப்பன் (சிட்னி பாய்ட்டியர்), ஏற முடியாத வெள்ளையனுக்காக (டோனி கர்ட்டிஸ்) தன் விடுதலையை விட்டுக் கீழே விழுகிறான். மனிதநேயம் வென்றது என்றார்கள். யார் செலவில் வென்றது என்று நாம் கேட்க வேண்டாமா?

அடுத்த ஆண்டே, 1959 அக்டோபரில் வந்த ஒரு வங்கிக் கொள்ளைப் படம் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. படம் ‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’. இயக்கியவர் ராபர்ட் வைஸ். எடுக்க வைத்தவர் ஹாரி பெலஃபாண்டே. கலிப்ஸோ பாட்டால் உலகப் புகழின் உச்சியில் இருந்த கறுப்பினப் பாடகர், ஹாலிவுட் தரும் வேடங்களுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் ‘ஹார்பெல்’ என்று சொந்த நிறுவனம் தொடங்கியிருந்தார். வில்லியம் மெக்கிவர்ன் 1957இல் எழுதிய குற்ற நாவல்தான் மூலம். நாவலில் கொள்ளை தோற்றுப் போய், வெள்ளையனும் கறுப்பனும் ஒளிந்து கிடக்கும் நாட்களில் இருவருக்கும் இடையே ஒரு நெருக்கம் முளைக்கிறது. படம் அந்த நெருக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. ஏன் என்பதுதான் விஷயம்.

கதை இதுதான். மாநிலக் குற்ற விசாரணைக் குழுவோடு ஒத்துழைக்க மறுத்ததால் வேலை போய் நாசமான முன்னாள் போலீஸ்காரன் பர்க் (எட் பெக்லி). நியூயார்க்குக்கு வடக்கே ஒரு சிறு ஊரின் வங்கி மேல் அவனுக்குக் கண். கூட்டாளிகள் இரண்டு பேர். ஸ்லேட்டர் (ராபர்ட் ரையன்) ஓக்லஹோமாக்காரன், போரிலிருந்து திரும்பியவன், சிறைக்குப் போய் வந்தவன், இப்போது ஒரு பெண்ணின் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன். இங்கிராம் (பெலஃபாண்டே) இரவு விடுதிப் பாடகன், குதிரைப் பந்தயத்தில் கடன்பட்டவன். முதல் காட்சியிலேயே தெருவில் ஓடிவரும் ஒரு கறுப்புச் சிறுமியைத் தூக்கிக் கொஞ்சுகிறான் ஸ்லேட்டர். கொஞ்சும்போது அவன் வாயில் வருவது ஒரு வசைச்சொல். அவனைப் பொறுத்தவரை அது வசையே இல்லை, செல்லம். வெறுப்பு இவ்வளவு சகஜமாக, இவ்வளவு புன்னகையோடு இருக்கும் என்று படம் ஒரே நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

இனி, திட்டத்தைப் பாருங்கள். மாலையில் வங்கியில் வேலை செய்பவர்களுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து சாண்ட்விச்சும் காப்பியும் போகும். கொண்டு போகிறவன் ஒரு கறுப்பன். சங்கிலி மாட்டிய பக்கவாட்டுக் கதவை அவனுக்கு மட்டும் திறப்பார்கள். அவன் இடத்தில் இங்கிராம் போய் நிற்க வேண்டும். அதாவது, வெள்ளைக் கண் உடுப்பைப் பார்க்கும், தட்டைப் பார்க்கும், முகத்தைப் பார்க்காது என்ற நம்பிக்கையின் மேல்தான் முழுத் திட்டமும் நிற்கிறது. வங்கியைத் திறக்கும் கள்ளச்சாவியே நிறவெறிதான்!

அதே நிறவெறிதான் வெளியே போகும் வழியையும் பூட்டுகிறது. பணத்தை எடுத்தாகிவிட்டது. தப்பிக்கும் காரின் சாவியை இங்கிராமிடம் கொடுக்க வேண்டும். ஸ்லேட்டர் மறுக்கிறான். ‘அவனை நம்பி எப்படிக் கொடுக்கிறது?’ சாவி பர்க்கின் கைக்குப் போகிறது. பர்க் தெருவில் போலீஸ் குண்டு பட்டு விழுகிறான், சாவி அவனோடு கிடக்கிறது. மிச்சம் இருவரும் போலீஸை மறந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டே ஓடி, எரிவாயுத் தொட்டிகளின் மேல் ஏறி, வெடித்துச் சாகிறார்கள். கருகிய உடல்களில் எது யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இந்த முடிவைப் பலரும் ‘சாவில் எல்லோரும் சமம்’ என்று வாசிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ‘ரெண்டு பேருக்கும் வெறுப்பு, ரெண்டு பேரும் செத்தாங்க’ என்பது தாராளவாதியின் தராசு. ஸ்லேட்டரின் வெறுப்பும் அதற்கு எதிராக இங்கிராமிடம் எழும் கோபமும் ஒரே எடை என்று அது சொல்லும். படமும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது, மறைப்பானேன். ஆனால் சாவிக் காட்சி அந்தத் தராசை உடைக்கிறது. கொள்ளை தோற்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், அது ஒரே ஒருவனிடமிருந்துதான் வந்தது. நிறவெறி மனசில் இருக்கும் ஒரு கறை, அன்பைப் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று கிராமரின் படம் நம்பியது. இந்தப் படத்துக்கு அது ஒரு பொருளாதார உறவு. யார் கையில் சாவி கொடுப்பது, யார் கையில் தட்டு கொடுப்பது என்பதுதான் கேள்வி.

பிரதிக்குள் நடந்தது இவ்வளவு. பிரதிக்கு வெளியே நடந்தது இன்னும் முக்கியம்.

1959இல் திரையில் திரைக்கதை என்று வந்த பெயர்கள் இரண்டு: ஜான் ஆலிவர் கில்லன்ஸ், நெல்சன் கிடிங். கில்லன்ஸ் ‘யங்பிளட்’ (1954) நாவலை எழுதிய கறுப்பின எழுத்தாளர், ஹார்லம் எழுத்தாளர் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். ஆனால் இந்தத் திரைக்கதையை அவர் எழுதவில்லை. எழுதியவர் ஏப்ரகாம் போலான்ஸ்கி. 1948இல் ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ எடுத்த மார்க்சியர். 1951இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சக தோழர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார், கறுப்புப் பட்டியலில் விழுந்தார். அதன்பின் அவர் எழுதினார், பெயர் மட்டும் வரவில்லை. விசாரணைக் குழுவுக்கு ஒத்துழைக்காததால் வாழ்விழந்த பர்க் எங்கிருந்து வந்தான் என்று இப்போது தெரிகிறதா?

ரையனுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1947இல் வந்த ‘கிராஸ்ஃபயர்’ படத்தில் யூதனைக் கொல்லும் ராணுவக்காரனாக நடித்தவர் அவர்தான். யூத வெறுப்பைப் பற்றிக் குற்றப்படம் எடுத்த அதே ஆண்டில், தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்காட்டும் இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக்கும் ‘ஹாலிவுட் பத்து’ பேரில் சேர்ந்து வேலை இழந்தார்கள். சிறைக்குப் போய் வந்த டிமிட்ரிக் 1951இல் மனம் மாறிப் பெயர்களைச் சொன்னார். சொன்ன பெயர்களில் ஸ்காட்டும் உண்டு. அதே ஆண்டில்தான் போலான்ஸ்கி மறுத்தார்.

பெயரைக் கொடு என்றது அதிகாரம். அதற்குப் பதிலாகக் கில்லன்ஸ் கொடுத்தது தன் சொந்தப் பெயரை. ஒரு கறுப்பன் கையில் சாவியைக் கொடுக்க முடியாமல் செத்தவர்களின் கதையை, ஒரு கறுப்பனின் பெயரை நம்பித் தன் பிரதியை ஒப்படைத்த வெள்ளையன் எழுதினான். திரைக்குள் நடக்காத காரியம் திரைக்குப் பின்னால் நடந்தது. பெயரை மறைத்தால் எழுத்து தானாகப் புரட்சிகரமாகிவிடும் என்று யாரும் சூத்திரம் போட வேண்டாம். ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய இருவரில் ஒருவரான ‘நேதன் டக்ளஸ்’ என்பதும் புனைபெயர்தான். அதற்குள் இருந்தவர் கறுப்புப் பட்டியலில் இருந்த நெட்ரிக் யங். ஒரே அடக்குமுறைக்குக் கீழே எழுதப்பட்டவை, முடிவுகள் வேறு.

1968இல் ரோலான் பார்த் ‘ஆசிரியனின் மரணம்’ கட்டுரையைப் பிரெஞ்சில் வெளியிட்டார். நம் சிறுபத்திரிகைப் பக்கங்களிலும் 90களில் இந்தச் சாவுக்கு எவ்வளவு கொண்டாட்டம்! அதே 1968இல்தான் ‘மேடிகன்’ படத்தின் வழியாகப் போலான்ஸ்கியின் பெயர் மீண்டும் திரைக்கு வந்தது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று சொல்வதற்கும் ஒரு சௌகரியம் வேண்டியிருக்கிறது. தன் பெயரை யாரும் பிடுங்கவில்லை என்ற சௌகரியம். பிடுங்கப்பட்டவனிடம் போய்ப் ‘பெயரில் என்னய்யா இருக்கு’ என்று நாம் தத்துவம் பேச முடியாது.

1996இல் எழுத்தாளர் சங்கம் இந்தப் படத்தின் திரைக்கதையைப் போலான்ஸ்கியின் பெயரில் திருத்தி எழுதியது. நியாயம்தான். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் இறந்தார். கில்லன்ஸ் 1987இலேயே போய்விட்டிருந்தார். எனக்கு உறுத்துவது இதுதான்: திருத்தப்பட்ட பட்டியலில் இரவல் கொடுத்தவனுக்கு இடம் இல்லை. எழுதாதவன் பெயரை எடுத்தாயிற்று, கணக்கு நேர் என்கிறார்கள். அந்தக் காலத்தில், ஏற்கனவே ஆயிரம் கதவு அடைபட்ட ஒரு கறுப்பின எழுத்தாளன், பட்டியலில் உள்ளவனுக்காகத் தன் பெயரை முன்னால் நிறுத்துவது சும்மா இல்லை. அதுவும் ஒரு எழுத்துதான். இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுவோம். எழுதியவர் போலான்ஸ்கி. சாவியை வாங்கி வைத்திருந்து, பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர் கில்லன்ஸ்.