மேஜையடிக் கணினி
1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸ் இயங்குதளம், இன்று என் மேஜைக்கடியிலுள்ள பழைய கணினியில், நெக்ஸ்ட்கிளவுட் என்னும் சேமிப்பு மென்பொருள் வாயிலாகக் குடும்பப் புகைப்படங்களை அந்நியர் வசம் ஒப்புவிக்காமல் பரிபாலிப்பதோடு, மாலை வேளைகளில் விளையாட்டுக்கும் இசைந்து கொடுப்பது எனக்குத் தீராத ஆனந்தம். புகைப்படங்களை இப்படி வீட்டிலேயே வைத்தால் காப்புப் பிரதி எடுக்கும் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது. அதை விரும்பியே ஏற்கிறேன்.

விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டு இங்கே ஓடுவதுதான் விசேஷம். 1993இல் தொடங்கிய வைன் என்னும் மென்பொருள், அவ்விளையாட்டு விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொரு காரியத்தையும் லினக்ஸ் அறியும் முறையில் அந்தக் கணமே மாற்றிச் சொல்ல, விண்டோஸின் டைரக்ட்திரீடி சித்திரக் கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்னும் மென்பொருள் லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்னும் சித்திர இடைமுகத்துக்கு மாற்றித் தர, இவ்விரண்டையும் இணைத்து வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டான் என்னும் தொகுப்பை வெளியிட்டது. இத்தனை பாஷாந்தரம் இடையே நிகழ்ந்தும் காட்சி தடுமாறாமல் நகரும்போது, இருபத்தைந்து வருஷ காலம் அதற்காக உழைத்தவர்களின் சிரத்தையே என்னைப் பரவசப்படுத்துகிறது.