27 பேர், 18 வேலை, ஒரு பெயரும் இல்லை

போன மாசம் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே புத்தகத்தோட போச்சு. ‘லெட்டர்ஸ் ஃப்ரம் மெட்ராஸ்’. 1843ல் லண்டன்ல ஜான் மர்ரே வெளியிட்டது. அட்டையில் ஆசிரியர் பெயர் கிடையாது, ‘ஒரு சீமாட்டி எழுதியது’ன்னு மட்டும் இருக்கும். எழுதினவர் ஜூலியா சார்லட் மெய்ட்லண்ட். 1836 கடைசியில் மெட்ராஸ் வந்து இறங்கினார். கணவர் கம்பெனி நீதிபதி. கொஞ்ச நாள்ல ராஜமுந்திரிக்குக் குடிபோனாங்க. 1839 வரைக்கும் வீட்டுக்கு எழுதின கடிதங்கள்தான் புத்தகம்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். இந்தம்மா எழுத்தில் நக்கல் உண்டு, பார்வையில் கூர்மை உண்டு. மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம், ‘இந்த ஊரையும் மக்களையும் பத்தி என்ன பார்த்தீங்க?’ன்னு கேட்கிறார். ஒண்ணுமே தெரியாது, தெரியாம இருக்கிறதே நல்லதுங்கிற மாதிரி பதில் வருது. அதை அப்படியே பதிவு பண்ணி, அந்த மனநிலையைக் குத்திக் காட்டுகிறார். அவர் தெலுங்கு படித்தார், கணவரோட சேர்ந்து ராஜமுந்திரியில் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்தக் காலத்து ‘மெம்சாகிப்’களில் இவர் எவ்வளவோ மேல்.

ஆனா என்னை நிறுத்தின இடம் வேற. வீட்டு வேலையாட்களுக்கு ஒரு பட்டியல் போடுகிறார். பட்லர், சமையல்காரர், ஆயா ரெண்டு பேர், பல்லக்குத் தூக்க ஆறு பேர், குதிரைக்காரர், புல் வெட்டுகிறவர், நாய்க்கு ஒரு பையன், கோழிக்கு ஒரு ஆள், வண்ணார், தையல்காரர், குழந்தைக்குப் பால் கொடுக்கும் அமா, அந்த அமாவுக்குச் சமைக்கத் தனியா ஒரு ஆள்னு போகுது. மொத்தம் 27 பேர். பழக்கதோஷத்தில் நான் கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியா வருது. 27 பேர், 18 விதமான வேலை. பட்டியலில் ஒரு பெயரும் இல்லை.

அதில் ஒரு வேலை ‘டன்னிகட்சி’. இது என்னடான்னு ரொம்ப நேரம் முழிச்சேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. தண்ணீர்க்காரச்சி! 1886ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இந்தப் பொருளைத்தான் தருது. தண்ணி தூக்கின யாரோ ஒரு பெண்ணோட வேலை, ஆங்கிலப் புத்தகத்துக்குள்ள தமிழாவே உட்கார்ந்திருக்கு. அவங்க பெயர்தான் வரலை.

‘வெள்ளைக்காரங்க பெயரையும்தான் அந்தம்மா முழுசா எழுதலை’ன்னு நீங்க கேட்கலாம். உண்மைதான். அவங்களை முதலெழுத்தும் ஒரு கோடுமா போட்டிருப்பார். ஆனா டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். கோடு போட்டா, ‘இங்க ஒரு பெயர் இருக்கு, மறைச்சிருக்கோம்’னு அர்த்தம். பட்லருக்கும் தண்ணீர்க்காரச்சிக்கும் பெயர்ங்கிற காலமே அந்த டேபிளில் கிடையாது.

அந்தக் காலத்து வழக்கமே அப்படித்தான்னு இதைத் தள்ளிவிட முடியுமா? அதே ஜான் மர்ரே, இருபது வருஷம் முன்னாடி, 1823ல் ஜான் ஃபிராங்க்ளினோட துருவப் பயண நூலை வெளியிட்டார். 1819ல் தொடங்கி 1822ல் முடிந்த அந்தப் பயணத்தில் இருபது பேரில் பதினொரு பேர் செத்துப்போனாங்க. மிச்சப் பேரைச் சோறு போட்டுக் காப்பாத்தினது அகைச்சோ என்ற பூர்வகுடித் தலைவரும் அவர் ஆட்களும். மொழிபெயர்த்தவர்கள் அகஸ்டஸ், ஜூனியஸ் என்ற ரெண்டு இன்யூட்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் அந்த நூலில் இருக்கு. பனியில் உயிர் அவங்க கையில் இருந்தது, அதனால் பெயர் ஏறியது. மெட்ராஸிலும் ராஜமுந்திரியிலும் அந்தம்மா காலையில் குடிச்ச தண்ணியிலிருந்து எல்லாமே அந்த 27 பேரை நம்பித்தான். ஆனா மாசச் சம்பளம் கொடுத்தாச்சு இல்லையா, அதுக்கப்புறம் அந்த நம்பிக்கை கண்ணுக்குத் தெரியாது. இது என் வாசிப்பு. மாற்றுக்கருத்து இருந்தா சொல்லுங்க.

பெயர் ஏறினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1845ல் அதே ஃபிராங்க்ளின் ரெண்டு கப்பலோட மறுபடியும் போனார். 129 பேரில் யாருமே திரும்பலை. 1854ல் ஜான் ரே, இன்யூட் மக்கள் சொன்னதை லண்டனுக்குக் கொண்டுவந்தார்: பசியில் கடைசி ஆட்கள் செத்தவங்களைத் தின்னாங்க என்று. சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் கொதித்து எழுதினார். காட்டுமிராண்டிகள் பேச்சை நம்பறதா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 1997ல் வெளியான எலும்பு ஆய்வு, வெட்டுத் தடங்களைக் காட்டி இன்யூட் சாட்சியை உறுதி செய்தது. எரெபஸ் கப்பல் 2014ல் கிடைத்ததும், அவங்க வாய்வழிக் கதைகள் சுட்டிய பகுதியில்தான். ஒருத்தரைப் பதிவு பண்றதும் அவர் சொல்றதை நம்பறதும் வேற வேற படிகள். மெய்ட்லண்ட் குத்திக் காட்டிய அந்த மெட்ராஸ் பெண்மணியும் டிக்கன்ஸும் கடைசியில் ஒரே பக்கம் போய் நிற்கிறாங்க.

இவ்வளவும் எழுதிட்டு, போன வாரம் தண்ணிக்குச் சொல்ல போனை எடுத்தேன். காண்டாக்ட்டில் ‘வாட்டர் கேன் கள்ளிக்குப்பம்’. அதுக்குக் கீழே ‘பிளம்பர் அம்பத்தூர்’, ‘ஏசி மெக்கானிக்’, ‘அயர்ன் கடை’. ஆறு வருஷமா மூணு மாடி ஏறி கேன் போடுறவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. 180 வருஷத்துக்கு முந்தின அம்மாவைக் கேள்வி கேட்க உட்கார்ந்த எனக்கு, முகத்தில் அடிச்ச மாதிரி இருந்தது. கேன் வந்ததும் பெயர் கேட்டேன். ‘எதுக்கு சார்?’ன்னு சந்தேகமாப் பார்த்தார். புகார் பண்ணப் போறேன்னு நினைச்சுட்டார் போல. ஒருத்தர் பெயரைக் கேட்டாலே அவருக்குப் பயம் வருதுன்னா, அதுவரைக்கும் யார், எதுக்காகக் கேட்டிருப்பாங்க?

புத்தகம் இணையத்தில் இலவசமாவே கிடைக்குது, அவசியம் படிங்க. வேலைக்காரங்க வரும்போதெல்லாம் பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக்கிட்டே போங்க.