கூலிக்கு வரைந்த கை

ஏற்காட்டு மலையில் கரடியூரில் மூட்டம் ஏறிவிட்டால் நீர்வண்ணம் லேசில் காயாது. முதல் பூச்சு இறுகுமுன் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். சேலத்தில் கணினி முன் உட்கார்ந்து கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ் வடிவமைக்கிற ஓவிய நண்பர் ஒருவர், மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கே வந்து வரைவார். இந்த முறை நானும் போயிருந்தேன். சில்வர் ஓக் மரங்களை வரைந்தார், மூட்டத்தை வரையவில்லை. அந்த இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட்டுவைத்தார். "வெள்ளையைப் பூச முடியாதுங்க, காப்பாத்தத்தான் முடியும்" என்றார்.

"கடை வேலை இல்லேன்னா இன்னும் நல்லா வரைஞ்சிருப்பீங்களா அண்ணே?"

பதில் வரவில்லை. தமிழ்நாட்டு ஓவியர்களின் வாழ்க்கையைப் புரட்டினாலும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடைப்பதில்லை.

பழைய சேலம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். மோகனூரில் 1888இல் பிறந்த வெ. ராமலிங்கம் பிள்ளை, கவிஞராக அறியப்படுவதற்கு முன் ஓவியர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கம் வாங்கியவர், 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டு எழுதினார், 1932இல் சிறைக்கும் போனார். பாட்டு நிலைத்தது, தூரிகை பின்னுக்குப் போனது. ஆனால் நாமக்கல்லில் இருந்த ஓர் இளைஞனைச் சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகத் தூண்டியவர் அவர்தான். அந்த இளைஞர் பி.எம். சீனிவாசன். விகடனில் ஓவியர் மாலி அவருக்கு வைத்த பெயர் 'சில்பி'.

சில்பி செய்தது பத்திரிகை வேலை. வார இதழ், தவணை, கெடு. கோயில் கோயிலாகப் போய்த் தூண் முன்னும் சந்நிதி முன்னும் உட்கார்ந்து அவர் வரைந்தவை 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று விகடனில் ஆண்டுக்கணக்கில் வந்தன. மட்டமான காகிதத்தில் பிளாக் வைத்து அச்சடித்த காலம் அது. கோடுகள் நெருங்கினால் மை அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். எனவே சிலையின் தொடைமடிப்பில் நிழல் வேண்டுமென்றால், எத்தனை கோடு, எவ்வளவு இடைவெளி என்று கை கணக்குப் போட வேண்டியிருந்தது. அச்சகத்தின் குறையிலிருந்து பிறந்த நுட்பம் அது. அதைப் 'பத்திரிகைப் படம்' என்று ஓரங்கட்டும் கலை விமர்சகர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பிழைப்பா ஓவியமா என்ற சிக்கலுக்குச் சென்னையில் வேறொரு வழி கண்டார் கே.சி.எஸ். பணிக்கர். தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு 25 வயதில் ஓவியப் பள்ளிக்குள் நுழைந்தவர், பின்னாளில் அதற்கே முதல்வரானவர். மாணவர்கள் படித்து முடித்ததும் குமாஸ்தா வேலைக்குப் போய்க் கரைந்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர். ஓவியம் விற்கவில்லையா, பாத்திக் விற்கும் என்று அவரும் மாணவர்களும் முடிவு செய்தார்கள். கைவினைப் பொருள்கள் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் எழுந்தது சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

பாத்திக் வேலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. உருக்கிய மெழுகைத் துணியில் வைத்த இடம் சாயம் ஏறாமல் தப்பும். வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு ஒவ்வொரு முக்காகப் போக வேண்டும். திரும்பி வர வழி கிடையாது. மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நூலிழையாக இறங்கும், அதை முழுதாக அடக்கவும் முடியாது. பகலெல்லாம் இதைச் செய்த கைக்கு எதை மூடுவது, எதைத் திறந்துவிடுவது என்பது பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கம் மாலையில் கித்தான் முன் நிற்கும்போது மறந்துவிடுமா என்ன?

நெசவாளர் சேவை மையங்கள் இன்னொரு புகலிடம். 1950களில் புபுல் ஜெயகரின் முயற்சியில் தொடங்கிய இந்த மையங்களில் ரெட்டப்ப நாயுடு, வீர சந்தானம் போன்றவர்கள் சேலைக்குக் கரையும் புட்டாவும் வரைந்து சம்பளம் வாங்கினார்கள். சேலத்திலும் அப்படியொரு மையம் இருக்கிறது. ஆதிமூலமோ 1960களின் இறுதியில் காந்தியைக் கறுப்பு மையில் திரும்பத் திரும்ப வரைந்தார். பிறகு சிறுபத்திரிகை நண்பர்களின் நூல்களுக்கு அட்டையும் எழுத்துருவும் செய்துகொடுத்தார். அவருடைய கோடுகளை ஓவியக்கூடத்தில் பார்த்தவர்களைவிடப் புத்தகக் கடையில் பார்த்தவர்களே அதிகம்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிமையாக இருக்கும். எல்லாருக்கும் இது பலிக்கவில்லை. சோழமண்டலத்திலேயே வாழ்ந்த கே. ராமானுஜம், மாளிகைகளும் பாம்புகளும் தேவகன்னியரும் நிறைந்த தனி உலகத்தை மையில் வரைந்தவர், 1973இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கூட்டுறவு வருமானத்தை ஈடுகட்டும். தனிமைக்கு அதனிடம் மருந்தில்லை. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரீஸுக்குப் போனார்கள். அர்னவாஸ் போலச் சோழமண்டலத்தில் நிலைத்து வேலை செய்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெயரே இல்லாதவர்கள் தனி வகை. ஏற்காடு மலையடிவாரத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது. அவற்றுக்கு அரண்மனைச் சுவரும் ஆகாயமும் வரைந்த கைகள் எத்தனை! அவர்களில் பெரும்பாலோர் ஓவிய வரலாற்றில் ஒரு வரிகூடப் பெறவில்லை. பிறகு ஊரூராகத் தட்டி எழுதியவர்களையும் கட்டம் போட்டு நடிகர் முகத்தைப் பெரிதாக்கியவர்களையும் ஃப்ளெக்ஸ் வந்து துடைத்துவிட்டது. என் நண்பரின் அப்பாவும் தட்டி எழுதியவர்தான். மகன் அதே ஃப்ளெக்ஸில் சம்பாதிக்கிறார். அதில் அவருக்கு வருத்தமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. காகிதம் காயவேயில்லை. பலகையோடு மடியில் கிடத்தியபடி 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கினோம். மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவைத் தாண்டும்போது தெருவிளக்கில் தூக்கிப் பார்த்தார். நீலம் வழிந்து அவர் காப்பாற்றி வைத்த வெள்ளைக்குள் புகுந்திருந்தது. சற்றுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இருக்கட்டும், மலை இப்பத்தான் வந்திருக்கு" என்றார்.