நாணும் சிறையும்

மக்களைக் கட்டுப்படுத்தும் எல்லைகள் இருவகைப்படும். பிறர் இடுவது ஒன்று. தாமே தமக்கு இட்டுக்கொள்வது மற்றொன்று. அகப்பாடல்களில் தாயின் காவலாகிய இற்செறிப்பு முன்னதற்குச் சான்று. நாண் பின்னதற்குச் சான்று என்பர். ஆயின், தலைவியின் நாண் அவளே வரைந்துகொண்ட எல்லையா, வழக்கு அவள் உள்ளத்தில் வரைந்த எல்லையா என்பது ஆராய்தற்குரியது.

அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றும் பெண்பாற்கு என்றும் உரியன என்பது தொல்காப்பியக் களவியல். நாண் பெண்ணின் இயற்கை என்பதற்கு இதனையே ஆதாரமாகக் கொள்வர். நாம் வகுப்பறையில் ஒப்புவிக்கச் செய்யும் நாற்குணங்களுள் பயிர்ப்பு என்பது இந்நூற்பாவில் இல்லை, பின்னர்ச் சேர்ந்தது. எண்ணிக்கை வளரும் ஒரு பட்டியலை இயற்கை என்று கொள்வது எங்ஙனம்?

மகளிர் எத்திணையிலும் மடலேறுதல் இல்லை என்று அகத்திணையியல் வரையறுக்கின்றது. காதல் கைகூடாத தலைவன் நாண் துறந்து, பனைமடலாற் செய்த குதிரைமேல் ஏறி ஊரறிய வருதலே மடலேறுதலாம். நாண் பெண்ணுக்கு இயற்கையே ஆயின் இந்நூற்பா எற்றுக்கு? மீன் நிலத்தில் மேயலாகாது என்று எவரும் விதி செய்வதில்லை. இலக்கணம் உள்ள வழக்கை உரைப்பதன்றி விலக்குவதன்று எனலாம். ஆயினும், தொல்காப்பியர் காட்டும் காரணம் மகளிர்க்கு அஃது இயலாமை அன்று. பொலிவுடைய நெறி அன்மையே. நெறி என்பது வழக்கின்பாற்படுவது.

திருக்குறளின் 114ஆம் அதிகாரமாகிய நாணுத்துறவுரைத்தலில் தலைவனும் நாண் உடையவனாக இருந்தவனே. அதனை இழந்து மடலைத் துணைக்கொண்டமையைக் கூறும் அவன், கடல்போன்ற காமம் வருத்தியும் மடலேறாத பெண்ணின் பெருமையைப் புகழ்கின்றான். அக்குறளைத் தலைவன் கூற்றாகவே பரிமேலழகர் கொண்டார். தன்னால் காக்க இயலாத எல்லையைக் காப்பவளைப் புகழ்வதில் வாய்மை உண்டு. எனினும், அவனுக்குக் கடக்கும் வழி இருந்தது. அவளுக்கு அவ்வழி இல்லை. கடக்க இயலாததைக் கடவாமை எவ்வாறு ஒருவர்தம் பெருமையாகும்?

இவ்வினாவிற்கு விடை வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாடலில் (149) உள்ளது. உடன்போக்கிற்கு இசையும் தலைவி, நாண் இரங்கத்தக்கது என்கிறாள். அது தன்னோடு நெடுநாள் உடனிருந்து துன்புற்றது என்கிறாள். கரும்பிற்கு மணலால் உயர்த்திய சிறு சிறை, இனிய புனல் நெருக்கக் கரைந்து வீழ்வதுபோலத் தாங்குமளவு தாங்கி, காமம் நெருக்க நில்லாது போகின்றது என்று முடிக்கிறாள்.

இங்குச் சிறை என்பது அணை. காவற்கூடத்தையும் அச்சொல்லே குறிக்கும். ஆயினும் புலவர் கண்டது கரும்பைக் காக்க எழுப்பிய கரையை. கல்லால் அன்றி மணலால் ஆயது அது; உடைப்பது வெள்ளமேயாயினும் தீம்புனல். நாணைத் தலைவி பழிக்கவில்லை, பகையாகவும் கருதவில்லை. துணையாயிருந்து தளர்ந்த ஒன்றிற்கு விடைகொடுக்கிறாள். எல்லையைத் தன்னுடையது என்று அறிந்தவளுக்கே இவ்விரக்கம் தோன்றும். பிறர் பூட்டிய தளை அறும்போது யாரும் அதற்கு இரங்குவதில்லை.

இப்பாடல் இலக்கணத்திற்குப் புறம்பானதும் அன்று. உயிரினும் நாண் சிறந்தது, நாணினும் கற்புச் சிறந்தது என்று ஓதிய தொல்காப்பியர், தலைவன் உள்ள இடம் நோக்கித் தலைவி செல்ல நினைத்தலுக்கும் ஆண்டே இடந்தந்தார். மடலை மூடிய நூல் உடன்போக்கைத் திறந்துவைத்தது.

பின்வந்த திருமங்கையாழ்வார் பெரிய திருமடலில் தலைவியை மடலூரத் துணியச் செய்தார். அவள் மகளிர் மடலூரார் என்னும் தென்மொழி வழக்கை எடுத்துக்கூறி மறுத்து, வடநெறியைத் தழுவுகிறாள். ஒரு விதியை நீக்க அவளுக்கு மற்றொரு விதி துணைவேண்டியிருந்தது. வெள்ளிவீதியாரின் தலைவிக்கு அத்துணை வேண்டியதில்லை. தாங்குமளவு எது என்பதை அவளே அறிந்திருந்தாள்.

ஆதலின், நாணைக் காத்தலில் மட்டுமே பெண்ணின் பெருமையைக் காண்பது குறுந்தொகையை முழுதும் கல்லாமையாம். தான் இட்ட எல்லையை, வேண்டுங்கால் எடுக்கவும் உரிமை உடையார்க்கே அது எல்லை. ஏனையோர்க்கு அது சிறை.