தேனில் குழைத்துக் கொடுங்கோ

சொறிக்கல்முனை, கல்முனைப் பக்கத்துப் பரிசாரியார் குளிகையை மட்டும் தந்து அனுப்பமாட்டார். "தேனில குழைச்சுக் குடுங்கோ", "இஞ்சிச் சாத்தில உரைச்சுக் குடுங்கோ" என்று ஒரு வழியும் சொல்வார். இதுதான் அனுபானம். குளிகை ஒன்றாகவே இருக்கும். நோய்க்கும் ஆளுக்கும் ஏற்பத் துணை மாறும். சளிக்குத் தேன், உடம்பு தேற நெய் அல்லது பால், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால். (ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம் என்பது இன்றைய மருத்துவம். அதைக் கேட்பதே நல்லது.) முஸ்லிம் வீடுகளில் கருஞ்சீரகத்துக்கும் தேன்தான் கூட்டு. கசப்பை மறைக்கத்தான் இதெல்லாம் என்று நினைத்தால், பாதிதான் சரி. மருந்து உடம்பில் சேரவும் துணை உதவும்.

மஞ்சளைப் பாருங்கள். அதிலுள்ள குர்குமின் தனியே போனால் உடம்பில் ஒட்டுவதே அரிது. பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் வெறும் 20 மில்லிகிராம் சேர்த்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 2000 சதவீதம் கூடியது. நாட்டு மருந்தான திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் இருக்கின்றன. இரண்டிலும் பைப்பரின் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் தரும் இரும்புக் குளிகையும் இப்படித்தான். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கினால் நன்றாகச் சேரும்; தேத்தண்ணியோடு விழுங்கினால் குறையும். குளிகைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணிநேரமாவது விடச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு மணிநேரம்தான் பெரிய பத்தியம்.